நுகர்வோர் சட்டத்தில் ஜெயில் எப்போது? 71, 72, 89, 90 குழப்பத்துக்கு ஓர் இழை

புதுவாசல் (இழையைத் தொடங்கியவர்)

தெரிந்தவர் ஒருவருக்காகக் கேட்கிறேன். மாடுலர் கிச்சன் போட்டுத் தருவதாக முன்பணம் வாங்கிய கடை மீது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் உத்தரவு வந்துவிட்டது. 84,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும், புகார் கொடுத்த 10-06-2023 முதல் 9% வட்டி. மன உளைச்சலுக்கு 25,000, வழக்குச் செலவு 5,000. கெடு 45 நாள். கெடு போய்விட்டது, அப்பீலும் போடவில்லை, பணமும் வரவில்லை.

கேள்வி ரெண்டு. "பொய் விளம்பரத்துக்கு 2 வருஷம் ஜெயில்" என்று 2019 சட்டத்தில் இருக்கிறதாமே, அதை இப்போது போடலாமா? இல்லை, உத்தரவை மதிக்காததற்கு என்று தனியாக வழக்கு உண்டா?

தராசுமுள்

முதல் கேள்விக்கு முடியாது, ரெண்டாவதுக்கு முடியும். எல்லாரும் மாட்டிக்கொள்கிற இடமும் இதுதான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் ஜெயில் வருகிற பிரிவுகள் நாலைந்து இருக்கு. ஆனா சாவி ஒவ்வொருத்தர் கையில்.

பிரிவு 89: தயாரிப்பாளரோ சேவை தருபவரோ நுகர்வோருக்குக் கேடான பொய் விளம்பரம் செய்தால் 2 வருஷம் வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். மறுபடியும் செய்தால் 5 வருஷம், 50 லட்சம். படிக்க நல்லா இருக்கும். அடுத்தாற்போல 92-ஐப் படிங்க: 88, 89 ரெண்டு குற்றத்தையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமோ அது அதிகாரம் கொடுத்த அதிகாரியோ புகார் கொடுத்தால்தான் கோர்ட் கையில் எடுக்க முடியும். நீங்களோ நானோ நேராகப் போட்டால் நம்பர் ஆகாது.

பிரிவு 88: அந்த மத்திய ஆணையம் 20, 21-ன் கீழ் போட்ட உத்தரவை மீறினால் 6 மாசம் வரை சிறை அல்லது 20 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும்.

பிரிவு 72: மாவட்ட, மாநில, தேசிய ஆணையங்களின் உத்தரவை மீறினால். இது உங்க கையில் இருக்கிற சாவி. குறைந்தது 1 மாசம், அதிகபட்சம் 3 வருஷம் சிறை, அல்லது 25,000-லிருந்து 1 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும்.

ஆக, ஏமாற்றியதற்காக நுகர்வோர் ஆணையம் யாரையும் உள்ளே தள்ளாது. சொன்னதைக் கேட்காததற்காகத் தள்ளும். ஏமாற்றியதையே குற்றமாக்கணும்னா அது போலீஸ், மோசடிப் பிரிவு, மாஜிஸ்ட்ரேட் கோர்ட் வழி. பிரிவு 100 அந்த வழியை அடைக்கலை, ஆனா அது வேற வண்டி.

வைகைக்கரை

89 பற்றி ஒரு சின்னச் சேர்க்கை. அதில் "தயாரிப்பாளர் அல்லது சேவை தருபவர்" என்றுதான் இருக்கு. விளம்பரத்தில் நடிக்கிற நட்சத்திரத்துக்கு 89-ல் ஜெயில் கிடையாது. அவருக்குப் பிரிவு 21: 10 லட்சம் வரை தண்டத்தொகை, திரும்பச் செய்தால் 50 லட்சம், ஒரு வருஷம் விளம்பரத்தில் வரத் தடை, மறுபடியும்னா 3 வருஷம். விளம்பரத்தில் சொன்னது உண்மையா என்று விசாரித்துப் பார்த்தேன் என்று காட்டினால் அதிலிருந்தும் தப்பலாம். வருஷா வருஷம் யாராவது "நடிகருக்கு 5 வருஷம் சிறை" என்று வாட்ஸப்பில் சுற்ற விடுறாங்க.

ஐ.ஏ.எஸ். பயிற்சி மையங்கள் மேல் வந்த லட்சக்கணக்கான தொகையும் இந்த 21-ல் வந்த தண்டத்தொகைதான். குற்றத் தீர்ப்பு இல்லை.

விளம்பரப் புகாரை எங்கே கொடுக்கிறது? பிரிவு 17 படி மாவட்ட ஆட்சியரிடமே எழுத்தில் கொடுக்கலாம், மத்திய ஆணையத்துக்கும் அனுப்பலாம். 16-ல் ஆட்சியருக்கு விசாரித்து அறிக்கை அனுப்பும் அதிகாரம் இருக்கு. திங்கட்கிழமை மனுநாளில் இதைக் குறிப்பிட்டுக் கொடுக்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

புதுவாசல்

சரி, 72 போடறோம்னு வைங்க. பணம் வருமா? 71-ன்னு ஒண்ணு இருக்கே, அது எதுக்கு?

தராசுமுள்

71 என்பது வசூல். ஆணைய உத்தரவை சிவில் கோர்ட் டிகிரி மாதிரி நிறைவேற்றுவது, சி.பி.சி. (சிவில் நடைமுறைச் சட்டம்) ஆர்டர் 21 முழுக்க வரும். பேங்க் கணக்கு ஜப்தி, பொருள் ஜப்தி, சிவில் சிறை எல்லாம் அதில். 72 என்பது தண்டனை. அபராதம் போட்டால் அது அரசாங்கக் கணக்குக்குப் போகும், உங்க பைக்கு வராது. ஜெயிலுக்குப் போய் வந்தாலும் 84,000 கடன் அப்படியே நிற்கும்.

அப்புறம் எதுக்கு 72? அழுத்தத்துக்குத்தான். பிடிவாரண்டு ஸ்டேஷனுக்குப் போன மறுவாரம் டி.டி. எடுத்துட்டு வருவாங்க. இதை வெளிப்படையாகச் சொல்வதில் தப்பில்லை. 2003-ல் விஸ்வபாரதி வீட்டு வசதிச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய 1986 சட்டத்தின் 25 (வசூல்), 27 (தண்டனை) ரெண்டும் செல்லும் என்றது. உத்தரவு காகிதமாகவே நின்றுவிடக் கூடாது என்பதற்குத்தான் இந்த அதிகாரம்.

ரெண்டையும் போடலாம். ஆனா ஒரே மனுவில் ரெண்டையும் கலக்காதீங்க.

எதிர்த்தரப்பு

கடைக்காரர்களுக்காக ஆஜராகிற பக்கத்திலிருந்து சொல்றேன். கலந்து போட்ட மனுதான் எங்களுக்கு லட்டு. தலைப்பில் "71 மற்றும் 72 கீழ்" என்று இருக்கும், உள்ளே "ஜப்தி செய்து, கைது செய்து, தண்டித்து" என்று கோரிக்கை இருக்கும். 71-ல் கைது என்றால் அது சிவில் சிறை. முதலில் ஆர்டர் 21 ரூல் 37 நோட்டீஸ், பணம் இருந்தும் தராமல் இழுக்கிறார் என்று சி.பி.சி. பிரிவு 51 படி நிரூபணம், எல்லாம் வேணும். 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில், வெறும் இல்லாமைக்காகச் சிறையில் போட முடியாது, கெட்ட எண்ணம் வேணும் என்று சொல்லிட்டாங்க. பெண்ணைப் பண டிகிரிக்காகக் கைது செய்யவே முடியாது, சி.பி.சி. பிரிவு 56. அந்த நடைமுறையைத் தாண்டி 71 மனுவில் நேரா பிடிவாரண்டு வாங்கினால், ஹைகோர்ட்டில் நிற்காது.

சிவில் சிறைக்கு இன்னொரு வேடிக்கை: கடன்காரர் உள்ளே இருக்கும்போது அவர் சாப்பாட்டுப் படியைக் கட்ட வேண்டியது பணம் வரவேண்டியவர்தான், ரூல் 39. அதிகபட்சம் 3 மாசம், அதுவும் தொகை 5,000-க்கு மேல் இருந்தால். வெளியே வந்த பிறகும் கடன் தீராது.

72-ல் இந்தத் தலைவலி இல்லை. ஆனா அது குற்ற விசாரணை, அதற்கென்று படிகள் இருக்கு. அதில் தவறினால் அப்பீலில் போயிடும்.

சான்றிட்டநகல்

அந்தப் படிகளை எழுதுறேன். 72(2) படி ஆணையத்துக்கு முதல் வகுப்பு மாஜிஸ்ட்ரேட் அதிகாரம். 72(3) படி சுருக்க விசாரணை. அதாவது பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதில் வந்த குற்ற நடைமுறைச் சட்டம்) 283-லிருந்து வருகிற முறை.

மனுவோடு போகவேண்டியது: உத்தரவின் சான்றிட்ட நகல், அதை எதிர்தரப்புக்கு அனுப்பியதற்கான சான்று, கெடு முடிந்தபின் ஒரு நோட்டீஸ், அதன் அக்னாலெட்ஜ்மென்ட் அட்டை அல்லது ஸ்பீட் போஸ்ட் டிராக்கிங் அச்சு, கணக்குத் தாள், "மேல்முறையீடும் தடையாணையும் இன்றுவரை இல்லை" என்று ஒரு பிரமாணப் பத்திரம். நோட்டீஸ் கட்டாயம்னு 72-ல் எங்கேயும் இல்லை. இருந்தாலும் "எனக்கு உத்தரவே தெரியாது" என்ற வாதத்தை அதுதான் அடைக்கும். ஒருதலைப்பட்சமாக வந்த உத்தரவுன்னா இது ரொம்ப முக்கியம்.

முதலில் சம்மன். வரலைன்னா ஜாமீனில் விடக்கூடிய வாரண்டு. அதுக்கும் வரலைன்னா பிடிவாரண்டு. ஆள் வந்ததும் குற்றச்சாட்டின் சாரத்தை அவரிடம் சொல்லி, ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்டு எழுதணும் (பி.என்.எஸ்.எஸ். 274). மறுத்தால் புகார்தாரர் சாட்சி, குறுக்கு விசாரணை, 351-ன் கீழ் அவரிடம் கேள்வி, பிறகு தீர்ப்பு. "உத்தரவு இருக்கு, பணம் கட்டலை, ஆகவே தண்டனை" என்று இரண்டாம் வாய்தாவிலேயே முடித்துவைத்த தீர்ப்பு மேலே நிற்காது. வாதி தரப்பு வக்கீலே "சார், பிளீ ரெக்கார்டு பண்ணிடலாம்" என்று எழுந்து ஞாபகப்படுத்துவது புத்திசாலித்தனம்.

வாரண்டு திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் முகவரி. புகாரில் கடை முகவரி மட்டும் இருக்கும், கடை காலியாகி ஆறு மாசம் ஆகியிருக்கும். ஸ்டேஷனிலிருந்து "மேற்படி நபர் மேற்படி முகவரியில் இல்லை" என்று ஒரு வரியோடு திரும்பும். ஆளின் வீட்டு முகவரி, தகப்பனார் பெயர், எந்தக் காவல் நிலைய எல்லை, மூணும் மனுவிலேயே இருக்கணும்.

எதிர்த்தரப்பு

ஒத்துக்கறேன். கூடவே ஒண்ணு: சுருக்க விசாரணையில் 3 மாசத்துக்கு மேல் தண்டனை கூடாது என்று பி.என்.எஸ்.எஸ். 285 சொல்லுது, 72 3 வருஷம் வரை சொல்லுது. பெரிய தண்டனை வந்தால் இந்த வாதத்தை எங்க பக்கம் வைக்காமல் விடமாட்டோம்.

தராசுமுள்

வைப்பீங்க. பதிலுக்கு நாங்க 72 தனிச் சட்டம், தனித் தண்டனை என்போம். ஆனா 84,000 ரூபாய் வழக்கில் யாரும் 3 வருஷம் கேட்கப் போறதில்லை. தேவையில்லாத சண்டை.

காலக்கெடு தேவையான சண்டை. 3 வருஷம் வரை தண்டனை உள்ள குற்றத்தை 3 வருஷத்துக்குள் கோர்ட் எடுக்கணும், பி.என்.எஸ்.எஸ். 514. தினம் தினம் மீறல் தொடருது, ஆகவே 518 படி தொடர்குற்றம் என்று வாதிடலாம்தான். அந்த வாதம் தேவைப்படும் நிலைக்கே போகாதீங்க.

பழைய உத்தரவு வைத்திருப்பவர்களுக்கு: 1986 சட்டத்தின் 27-ல் சிறை இதே அளவு, அபராதம் மட்டும் 2,000-லிருந்து 10,000. புதுச் சட்டம் வந்தது 20-07-2020. அதற்கு முன்னாடியே நடந்து முடிந்த மீறலுக்குப் புது அபராதத்தைக் கேட்கக் கூடாது. 2003 மார்ச் 15 முதல் 2020 ஜூலை 20 வரை பழைய 25-ல் "இடைக்கால உத்தரவு" என்று மட்டும் இருந்த ஓட்டையை வைத்து இறுதி உத்தரவை நிறைவேற்ற முடியாது என்று நிறைய பேர் வாதாடினாங்க. 2025 ஆகஸ்ட் 22-ல் பாம் குரோவ்ஸ் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை "எந்த உத்தரவும்" என்று படிக்கச் சொல்லி அடைத்துவிட்டது.

புதுவாசல்

உத்தரவு கடை பெயரில்தான் இருக்கு. பிரைவேட் லிமிடெட். யாரைக் கைது செய்வாங்க?

தராசுமுள்

இதைத்தான் முதல் நாளே கேட்டிருக்கணும்.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 66, எடையளவுச் சட்டத்தில் 49 என்று "கம்பெனி செய்த குற்றத்துக்கு யார் பொறுப்பு" என்று தனிப் பிரிவு உண்டு. நுகர்வோர் சட்டத்தின் தண்டனை அத்தியாயத்தில் அப்படி ஒண்ணு இல்லை. அதனால் உத்தரவில் இயக்குநர் பெயர் இல்லாவிட்டால், "நான் வெறும் டைரக்டர், எனக்கு எதிராக உத்தரவு எங்கே?" என்று அவர் கேட்பார், கேள்வி நியாயமானதும்கூட. நிறைவேற்றும் மன்றம் உத்தரவுக்குள் இல்லாததைச் சேர்க்க முடியாது.

புதுசா புகார் போடுகிறவர்கள் கவனிங்க. கம்பெனி முதல் எதிர்தரப்பினர், மேனேஜிங் டைரக்டர் இரண்டாம் எதிர்தரப்பினர். பெயரை மட்டும் சேர்த்தால் போதாது. "முன்பணம் வாங்கினார், ரசீதில் கையெழுத்திட்டார், தேதி சொல்லித் தள்ளிப்போட்டார்" என்று அவர் செய்ததை எழுதி, கோரிக்கையில் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்று கேட்கணும். உரிமையாளர் கடை அல்லது கூட்டு நிறுவனம் என்றால் இந்தச் சிக்கல் குறைவு.

உங்க வழக்கில் இப்போ 71-ஐ முதலில் போடுங்க. ரூல் 41-ல் சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் கேளுங்க. அதைத் தாக்கல் செய்யச் சொல்லியும் செய்யாவிட்டால் 3 மாசம் வரை சிவில் சிறை உண்டு. பேங்க் கணக்கு விவரம் எங்கேன்னு தேட வேண்டாம். கொட்டேஷன் அடியில் "ஆர்.டி.ஜி.எஸ். அனுப்ப" என்று கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. அவங்களே அச்சடித்துத் தந்திருப்பாங்க. அதை வைத்து ரூல் 46ஏ-ல் பேங்குக்கே நோட்டீஸ்.

எதிர்த்தரப்பு

கம்பெனி திவால் மனு போட்டுட்டா?

தராசுமுள்

கம்பெனிக்கு மாரடோரியம் (திவால் நடக்கும்போது வசூலுக்கு வரும் தடை) வந்தால் கம்பெனி மேல் 71 நின்றுபோகும், கிளெய்ம் படிவம் போட்டு வரிசையில் நிற்கணும். தனிநபர் திவால் மனு போட்டுத் தண்டனையிலிருந்து தப்ப முடியுமா என்பது வேறு. 2025 மார்ச் 4-ல் சாரங்கா அனில்குமார் அகர்வால் வழக்கில், தேசிய ஆணையம் பழைய நுகர்வோர் சட்டப் பிரிவு 27-ன் கீழ் விதித்த 27 தண்டங்களை எதிர்த்து ஒரு கட்டுநர் திவால் சட்டம் 96-ஐக் காட்டினார். அந்த இடைக்காலத் தடை கடனுக்குத்தான், பிரிவு 27 தண்டத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"அப்பீல் போட்டிருக்கேன்" என்பது அடுத்த சாக்கு. மாநில ஆணையத்துக்கு அப்பீல் போக 45 நாள், தொகையில் பாதி கட்டணும் (பிரிவு 41). பாதி கட்டின ரசீதும் தடையாணையும் காட்டட்டும். தடையாணை இல்லாமல் தண்டனை நடவடிக்கையை இழுத்தடிக்கக் கூடாது என்று கமலேஷ் அகர்வால் வழக்கில் 2015-லேயே சொல்லியாச்சு. 72 தண்டனையை எதிர்த்து அப்பீல் போக 30 நாள், பிரிவு 73.

மாம்பலம்

கணக்குத் தாள் பற்றி யாரும் பேசலை. பாதி மனு அங்கேதான் சிக்குது, அதனால் 10-06-2025 தேதிக்குப் போட்டுக் காட்டறேன்.

அசல் 84,000. 9% தனிவட்டி 2 வருஷம்: 84,000 × 9 ÷ 100 × 2 = 15,120. இழப்பீடு 25,000. செலவு 5,000. மொத்தம் 1,29,120.

இழப்பீட்டுக்கும் வட்டி போடாதீங்க, உத்தரவில் "கெடு தவறினால் இழப்பீட்டுக்கும் வட்டி" என்று இருந்தால் ஒழிய. கூட்டுவட்டி கூடவே கூடாது. அதிகமாகக் கேட்ட நூறு ரூபாய்க்காக எதிர்தரப்பு ஒரு ஆட்சேபணை மனு போட்டு நாலு வாய்தா வாங்கும்.

நடுவில் ஒரு லட்சம் கட்டினால்? அவர் "அசல் தீர்ந்தது, இனி வட்டி ஓடாது" என்பார். அப்படி இல்லை. உத்தரவு வேறு மாதிரி சொல்லாவிட்டால் முதலில் வட்டியும் செலவும்: 20,120. மிச்சம் 79,880 அசலுக்கு. அசலில் 4,120 நிற்கும், அதற்கு 9% ஓடிக்கொண்டே இருக்கும், 25,000 இழப்பீடும் பாக்கி. ஆக 29,120.

வைகைக்கரை

இழை 72-லேயே நிற்குது. கலப்படம் பக்கமும் கொஞ்சம்.

பிரிவு 90, கலப்படப் பொருள் தயாரிப்பு, விற்பனை, இருப்பு, இறக்குமதி. இதில் யாருக்கும் காயமே ஆகாவிட்டாலும் 6 மாசம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். காயம் என்றால் 1 வருஷம், 3 லட்சம். கொடுங்காயம் என்றால் 7 வருஷம், 5 லட்சம். மரணம் என்றால் 7 வருஷத்துக்குக் குறையாமல் ஆயுள் வரை, அபராதம் 10 லட்சத்துக்குக் குறையாது. கடைசி ரெண்டும் ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம், போலீஸ் நேரா எடுக்கலாம். 91 போலிப் பொருளுக்கு. அங்கே காயம் இருந்தால்தான் தண்டனையே தொடங்குது. இதையெல்லாம் மாவட்ட ஆணையத்தில் கேட்கக் கூடாது, இது குற்றவியல் கோர்ட் வேலை.

உணவு என்றால் நடைமுறையில் ஓடுவது உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006. மாதிரியை அதிகாரி நாலு பாகமாக எடுக்கணும், பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தரணும். வழக்குகள் பெரும்பாலும் முத்திரையிலும் தேதியிலும்தான் தோற்குது. வழக்கு எடுக்கக் காலக்கெடு ஒரு வருஷம், ஆணையர் காரணம் எழுதினால் 3 வருஷம் வரை (77). அந்தச் சட்டத்தின் 59 (பாதுகாப்பற்ற உணவுக்கான தண்டனை) இருக்கும்போது உணவுக் கலப்படத்துக்கான இ.பி.கோ. 272, 273-ஐ அதற்கு மேல் ஏற்ற முடியாது என்று 2024-ல் ராம்நாத் வழக்கில் சொல்லியாச்சு.

வாங்குகிறவருக்கு உதவுவது அதே உணவுச் சட்டத்தின் பிரிவு 40: கட்டணம் கட்டி நீங்களே ஆய்வுக்குக் கொடுக்கலாம், தப்பு இருந்தால் கட்டணம் திரும்பும். நீங்க ஆய்வுக்குக் கொடுக்கப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிடணும். வீட்டில் பாதி தின்ற பாக்கெட்டைக் கொண்டுபோனால் எடுபடாது.

எம்.ஆர்.பி., எடைக் குறைவு என்றால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை. நகைச்சீட்டு, தீபாவளிச் சீட்டு கட்டி ஏமாந்தவர்கள் நுகர்வோர் ஆணையத்தோடு நிற்க வேண்டாம். தமிழ்நாட்டின் சொந்தச் சட்டம் ஒண்ணு இருக்கு, 1997-ன் டி.என்.பி.ஐ.டி. சட்டம் (பணம் கட்டியவர்கள் நலன் காக்கும் சட்டம்). பிரிவு 5-ல் 10 வருஷம் வரை சிறை, சொத்து முடக்கமும் உண்டு. பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார். 72-ஐ விடப் பல மடங்கு பல் உள்ள சட்டம்.

புதுவாசல்

நன்றி. 71 மனு தயார் செய்கிறோம். நேற்று கடையிலிருந்து போன்: "60,000-க்கு டி.டி. தர்றோம், ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுங்க" என்கிறார்கள்.

எதிர்த்தரப்பு

அந்தக் கடிதத்தில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி கோரிக்கை இல்லை" என்று இருக்கும். நாங்கதான் டிராஃப்ட் பண்ணுவோம்.

சான்றிட்டநகல்

டி.டி.யை வாங்கிக்கலாம், கடிதத்தை வாங்க வேண்டாம். சொந்தத் தாளில் "உத்தரவுத் தொகையில் ஒரு பகுதியாக 60,000, ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன், மீதிக்கு உரிமை உண்டு" என்று எழுதி, டி.டி. எண், தேதி, பேங்க் கிளை குறித்து, ரெண்டு நகல் எடுத்து ஒன்றில் அவங்க கையெழுத்து வாங்குங்க. அதுக்கு ஒத்துக்கலைன்னா, டி.டி.யை ஆணையத்திலேயே கட்டச் சொல்லுங்க. மனு நம்பர் ஆனதும் அந்த நகலை மெமோவோடு தாக்கல் செய்யணும், கணக்குத் தாளிலும் அதே தேதியில் கழிச்சுக் காட்டணும்.

செக் கொடுத்தால் வாங்காதீங்க. அது திரும்பினால் செக் பவுன்ஸுக்கான 138 என்று இன்னொரு வழக்கு.